உங்கள் பெயரில் ஒரு கல் வேண்டாம்

நானா, கல்லை எடுத்துவிட்டார்கள், உண்மையாகவே எடுத்துவிட்டார்கள், இன்று காலை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், போனில் வீடியோவும் இருக்கிறது, நம்முடைய சனசமூக நிலையத்து வாசலில் இனி அந்தக் கல் இல்லை!

அதன் ஒரு துண்டு இப்போது என் மேசையில் கிடக்கிறது. மேசன் பாஸ் உடைத்துத் தள்ளியபோது என் காலடியில் வந்து விழுந்தது. ஒரு பக்கம் கறுப்புப் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரத்த சீமெந்து. ஓரத்தில் தங்கப்பூச்சு எழுத்தொன்றின் வால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த எழுத்து, எந்த மொழி என்றுகூடச் சொல்ல முடியவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையில் சீமெந்துத் தூசி மணக்கிறது. கழுவுவதை நிறுத்திவிட்டேன். இந்த மணத்துக்காக நீங்கள் எத்தனை புதன்கிழமை மழையில் உட்கார்ந்திருந்தீர்கள்.

ஆனால் முழுச் செய்தியையும் கேளுங்கள். கல்லை எடுத்த இடத்தில் புதுக் கல் ஒன்று வரப்போகிறது. அதே இடம். வருகிற புதன்கிழமை நாடா வெட்டித் திறக்கிறார்கள். அந்தக் கல்லில் இருக்கப்போவது உங்கள் பெயர்.

அதனால்தான் இந்த மடல். உங்களுக்கு எழுதுகிறேன், ஆனால் எல்லோரும் பார்க்கும்படி போடுகிறேன். உங்களைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, நானா என்றால் அண்ணன் என்பது உட்பட. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் லைவ் போன போதெல்லாம் நான் எவ்வளவு பொறுத்துக்கொண்டேன்!

நான் உங்கள் சிநேகிதி ஆவதற்கு முன்னால் உங்கள் ரசிகை. இதை ஒருநாளும் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, சொன்னால் தலைக்கேறிவிடும். நாவலப்பிட்டிக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டில், சிக்னல் கிடைக்கிற ஒரே ஜன்னலோரத்தில் நின்றுகொண்டு உங்கள் வீடியோக்களைப் பார்ப்பேன். திகனயில் துணிக்கடை வைத்திருந்தவர், கூரையில் தகரம் மாற்ற ஏறி விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர், சக்கர நாற்காலியின் கைப்பிடியில் டியூப் ரப்பரால் போனைக் கட்டிக்கொண்டு கண்டி முழுக்கச் சுற்றுவீர்கள். வங்கி, மருந்துக்கடை, தபாற்கந்தோர், வாவிக்கரை நடைபாதை, பள்ளிவாசல், கோயில், கேக் கடை. ஒவ்வொரு வீடியோவின் கடைசியிலும் ஒரே ஒரு சொல் தீர்ப்பு. உள்ளே போகலாம் என்றால் "ஏலும்." போக முடியாது என்றால் "ஏலா." அவ்வளவுதான். அழுகை இல்லை, லைக் போடுங்கள் என்ற கெஞ்சல் இல்லை.

அதுவரை நான் பார்த்த வீடியோக்களில் சக்கர நாற்காலி வந்தாலே பின்னால் சோக வயலின் ஓடும். நீங்களோ வங்கியின் படிக்கட்டுக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ட சல்லி உள்ளுக்கு ஈக்கி, நான் வெளிய ஈக்கிறன். ஏலா," என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு உருண்டு போய்விட்டீர்கள். ஜன்னலோரத்தில் நான் சத்தமாகச் சிரித்ததில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அன்றைக்கே உங்களுடைய எல்லா வீடியோவையும் முதலிலிருந்து பார்த்து முடித்தேன். டேட்டா தீர்ந்து அம்மாவிடம் திட்டும் வாங்கினேன்.

பிறகு ஒரு கமெண்ட் எழுதினேன். வீடியோ எல்லாம் சாய்ந்திருக்கிறது, கண்டி நகரமே குப்புற விழப்போவது மாதிரி இருக்கிறது, பார்க்கத் தலை சுற்றுகிறது என்று. உங்கள் பதில் உடனே வந்தது: "அப்ப நீங்க வந்து புடிங்க." நான் எடிட்டிங் படித்தது எந்த வகுப்பிலும் இல்லை. உடைந்த ஸ்க்ரீன் போனில், யார் யாரோ சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் படித்தேன். அந்தத் தைரியத்தில் புறப்பட்டு வந்தேன்.

முதல் சந்திப்பை நினைத்தால் இப்போதும் பஸ்ஸில் தனியாகச் சிரிக்கிறேன். நான் நாவலப்பிட்டியிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் கண்டி பஸ் நிலையத்தில் எனக்காகக் காத்திருக்கிறீர்கள். கெலிஓயா தாண்டும்போது உங்கள் அழைப்பு.

"புள்ள, நான் நாவலப்பிட்டிக்குப் போறன் போல ஈக்கி."

பஸ் நிலையத்தில் சக்கர நாற்காலியோடு ஒருவர் சும்மா நிற்பதைக் கண்ட நல்ல மனசுக்காரப் பையன்கள் சிலர், பாவம், ஏற முடியாமல் நிற்கிறார் என்று முடிவு செய்துவிட்டார்கள். நாற்காலியோடு சேர்த்து அப்படியே தூக்கி, புறப்படத் தயாராக நின்ற நாவலப்பிட்டி பஸ்ஸின் பின்கதவு வழியாக உள்ளே வைத்துவிட்டார்கள். நீங்கள் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஓர் அம்மா உங்கள் மடியில் வாழைப்பழம் வேறு வைத்தாராம். கண்டக்டர் பெல் அடித்தார், பஸ் கிளம்பிவிட்டது. எங்கே போகிறீர்கள் என்று கேட்ட ஒரே ஆள் அந்தக் கண்டக்டர்தானாம், அதுவும் டிக்கட் கிழிப்பதற்காக.

நான் பேராதனையில் இறங்கினேன். நீங்கள் பேராதனையில் இறக்கப்பட்டீர்கள். பஸ் தரிப்பிடத்தில் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, என் போனைப் பார்த்து நீங்கள் சொன்ன தீர்ப்பு இது: "ஏற ஏலும். எறங்க ஏலா." அந்த வீடியோதான் உங்களை இலங்கை முழுக்கக் கொண்டுபோனது. அது நான் நேராகப் பிடித்த முதல் வீடியோ என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

போனை அணைத்த பிறகு சிரிப்பில்லாமல் ஒன்று சொன்னீர்கள். "கேட்டுட்டுத் தூக்கினா நான் அவங்களுக்கு துஆ செய்வன், புள்ள. கேக்காமத் தூக்கினா நான் மூட்டை." அதன்பிறகு நான் குண்டசாலையில் போன் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கி, உங்களோடு சுற்றிய காலம் முழுக்க இதைத்தான் வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஆசையாகத் தள்ள வருகிறவர்களிடம், கேட்காமல் தலையைத் தடவுகிறவர்களிடம், உங்களிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிற கடைக்காரர்களிடம்.

இனி நிலையத்தின் கதை. குண்டசாலைக்கும் திகனக்கும் நடுவில், ரோட்டைவிட உயரமான மேட்டில் இருக்கிற பழைய சனசமூகக் கட்டடம் அது. புதன்கிழமைகளில் வயதானவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் தேவையான எல்லாமே அங்கேதான். பிசியோதெரபி மிஸ் வருவார். சமூக சேவை உத்தியோகத்தர் வருவார். காது மெஷினுக்குப் பற்றரி மாற்றுவார்கள், ஊன்றுகோலுக்கு அடிரப்பர் போடுவார்கள், பகல் சாப்பாடும் உண்டு. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து முழங்கால் வலியை மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆனால் முழங்கால் வலிக்காரர்கள் முழங்கால் வலிக்கு மருந்து வாங்கப் படியேற வேண்டும். நிலையத்தின் தலைவர், எல்லோரும் சேர் என்று கூப்பிடுகிற ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், ஏற முடியாதவர்களைத் தானே கைகொடுத்துத் தூக்கி விடுவார். நல்ல மனிதர். அதை நான் இந்த மடல் முழுக்க ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

சாய்வுப் பாதை ஒன்று வேண்டும் என்று நீங்கள் லைவில் கேட்டீர்கள். தலைவர் கந்தோர் கந்தோராக அலைந்தார். கடைசியில் வந்தேவிட்டது. சுவரோரமாக மெல்ல ஏறி, மேலே ஒரு சின்னத் தளத்தில் முடியும். அந்தத் தளத்தில் நாற்காலியைத் திருப்பினால் நேரே கதவு. கட்டும்போதே போய்ப் பார்த்து, சாய்வு சரி, அகலம் சரி என்று சந்தோஷப்பட்டீர்கள். திறப்பு விழாவுக்குப் புது சேட் தைத்துக்கொண்டீர்கள்.

அந்த நாளை மறக்க முடியுமா? பாற்சோறு, கொக்கிஸ், குத்துவிளக்கு, கொடி. அரசியல் பெரியவர் ஒருவர் வெள்ளை உடுப்பில் வந்து நாடா வெட்டினார். மேலே தளத்தில் சின்னத் திரைச்சீலை போட்டு எதையோ மூடிவைத்திருந்தார்கள். கயிற்றை இழுத்தார்கள். கறுப்புக் கல். மூன்று மொழியிலும் பெரியவரின் பெயர், தங்க எழுத்தில். எல்லோரும் கைதட்டினார்கள். கல் நின்றது தளத்தின் நடுவில், இடுப்புயரச் சீமெந்துப் பீடத்தில். போட்டோவில் நன்றாக விழ வேண்டும் என்று நடுவில் கட்டச் சொன்னார்களாம்.

முதல் ஆளாக நீங்கள் ஏறினீர்கள். நான் பின்னால் போனோடு நடந்தேன். லைவ் ஓடிக்கொண்டிருந்தது. மேலே போய் நாற்காலியைத் திருப்பினீர்கள். கால்தட்டு கல்லில் முட்டி நின்றது. இன்னொரு தரம் திருப்பினீர்கள். மறுபடியும் முட்டியது. கதவு கைக்கெட்டும் தூரத்தில் திறந்திருக்கிறது, நீங்கள் கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்.

தலைவர் குனிந்து, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து வெட்டித் திருப்பச் சொன்னார்.

"சேர், இது லொறி இல்ல," என்றீர்கள்.

வந்த பாதை முழுவதும் பின்பக்கமாகவே இறங்க வேண்டியதாயிற்று. புது சேட்டோடு, பெரியவரின் முன்னால், எல்லோரும் பார்க்க. இறங்கி முடித்ததும் கெமராவை நேராகப் பார்த்தீர்கள். இவ்வளவு செய்தவர்களுக்காக ஒரு தடவை வாயை மூடிக்கொள்வீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் மூடவில்லை. "ஏலா," என்றீர்கள்.

அதன்பிறகு எங்களுக்கு விழுந்த ஏச்சு கொஞ்சமா? நல்ல நாளில் ஒரு நல்ல சொல் சொல்லக்கூடாதா, கிடைத்ததுக்கு நன்றி சொல்லத் தெரியாதா, பெரிய மனிதரை அவமானப்படுத்திவிட்டார்கள். கல் இருக்கிற இடம் பிழை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், அதை நகர்த்தத்தான் ஒருவரும் சம்மதிக்கவில்லை. பெயர் எழுதிய கல். நாளைக்கு வேறு எதையாவது கேட்டு அந்தப் பெரியவரிடம்தானே போக வேண்டும். சாய்வுப் பாதையில் அரிசி மூட்டை ஏறியது, அண்டா ஏறியது, பிளாஸ்டிக் கதிரை ஏறியது. சக்கர நாற்காலி மட்டும் உள்ளே போகவில்லை.

அடுத்த புதன்கிழமை நீங்கள் பாதையின் அடியிலேயே நாற்காலியைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். தூக்கிவிடுகிறோம் என்று வந்தவர்களிடம் வேண்டாம் என்றீர்கள். உத்தியோகத்தர் மேலிருந்து எட்டிப் பார்த்து, இப்படி அடம்பிடித்தால் எப்படி என்று கேட்டார்.

"சேர், நாங்க மேல வர ஏலா. நீங்க கீழ வர ஏலும். கணக்கு லேசி."

அவர் வரவில்லை. வந்தது மாரியாயி அம்மா. காலமெல்லாம் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்தவர், இரண்டு பேர் பிடித்தால் எப்படியோ படியேறக்கூடியவர். உங்களைப் பார்த்தார், மேலே பார்த்தார், ஊன்றுகோலால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "மேல என்னா தம்பி, சாமியா இருக்கு? காலு நோவ ஏறிப் போயி கும்புட?" என்று சொல்லிவிட்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரம் இன்னும் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் பிசியோதெரபி மிஸ் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். கடைசியில் உத்தியோகத்தரும் வந்தார், ஒரு கையில் பைல், மறு கையில் குடை, முகத்தில் அரை மணி நேரக் கடுப்பு. மழைக்கு நீலத் தறப்பாள் கட்டினோம். சோற்று அண்டா கீழே வந்தது. நிலையம் மேலே காலியாக இருந்தது, நிலையத்தின் வேலையெல்லாம் கீழே நடந்தது. நான் எடுத்த வீடியோக்களிலேயே எனக்குப் பிடித்தவை அந்தத் தறப்பாளுக்குக் கீழே எடுத்தவைதான். வெளிச்சம் படுமோசம். ஒவ்வொருவர் முகமும் நீலமாக இருக்கும்.

அந்த மழைக்காலத்தில்தான் உங்கள் முதுகுப் புண் பழுத்தது. சொல்லாமல் மறைத்தீர்கள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய், வார்டிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினீர்கள். நீங்களே எடுத்தது, பழையபடி சாய்ந்திருந்தது. "கட்டில் ஏலும். பாத்ரூம் ஏலா. நர்ஸ் மிஸ்மார் மிச்சம் நல்லம்." அடுத்து எது வந்தாலும் நேராக எடுத்து அனுப்புங்கள் என்று பதில் போட்டேன். அடுத்து எதுவும் வரவில்லை.

உங்களை அடக்கம் செய்ய எடுத்துப்போன ஜனாஸா அன்றைக்கு நான் திகன ரோட்டோரத்தில் நின்றேன். மாரியாயி அம்மா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். சந்தூக்குப் பெட்டியைத் தோளில் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் தலைவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். கேட்டுவிட்டுத் தூக்கச் சொன்ன மனிதரை அன்றைக்கு ஒருவரும் கேட்காமல் தூக்கினார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

அதற்குப் பிறகும் புதன்கிழமைகள் நிற்கவில்லை, நானா. இதை உங்களுக்குச் சொல்ல எவ்வளவு நாள் காத்திருந்தேன் தெரியுமா? மாரியாயி அம்மாவின் முழங்கால் முழுதாகவே விட்டுப்போனது. உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், உங்கள் நாற்காலியைத் துடைத்து எண்ணெய் போட்டு அவருக்குக் கொடுத்தார். அதில் உட்கார்ந்த முதல் நாளே மாரியாயி அம்மா, "தம்பி ஒல்லி, எனக்கு இடுப்பு புடிக்குது," என்று குறை சொன்னார். ஆனால் இறங்கவில்லை. மேலே வாருங்கள், நான்கு பேராகத் தூக்குகிறோம் என்றபோது உங்கள் மாதிரியே சக்கரத்தைப் பூட்டிக்கொண்டார்.

இன்று காலை கல் போனதற்குக் காரணம் நாங்கள் இல்லை. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பெரியவர் தேர்தலில் தோற்றுவிட்டார். அவர் பெயர் இனிச் செல்லாது, அதனால் எடுத்தார்கள். வழிக்காக எடுக்கவில்லை. எதற்காக எடுத்தால் என்ன, வழி வழிதான் என்று நான் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மேசன் பாஸ் பீடத்தை வெட்டி எடுத்து, தளத்தைக் கூட்டித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். ஈரம் காயுமுன்னே மாரியாயி அம்மா ரோட்டில் ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டார்.

தள்ளட்டுமா என்று கேட்டேன். தள்ளு என்றார். ஏறினோம். மேலே வந்ததும், கையை எடு என்றார். உங்கள் நாற்காலியை அவரே திருப்பினார், நானா. முட்டவில்லை. கதவுக்கு நேரே வந்தது. உள்ளே போவார் என்று பார்த்தால் போகவில்லை. இன்னொரு சுற்று சுற்றினார். மறுபடியும் ஒரு சுற்று, எதிர்ப்பக்கமாக. மேசன் பாஸ் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். உங்கள் சொல்லை எப்போதும் கேலி செய்கிற மாரியாயி அம்மா, முடியும் முடியாதுன்னு சொன்னா வாயா நோவும் என்று கேட்கிறவர், என் போனைப் பார்த்துச் சொன்னார்:

"ஏலும், தம்பி."

அந்த வீடியோவை இன்னும் போடவில்லை. போட முடியாமல் ஆக்கிவிட்டார் தலைவர். அந்த நேரத்தில்தான் அவர் வந்தார். கண் கலங்கியிருந்தது. அந்தச் சுற்றைப் பார்த்துத்தான் கலங்கியது, நடிப்பில்லை. என் தோளைத் தட்டி, உங்கள் பெயரில் புதுக் கல் தயாராகிவிட்டது, பெரியவர்கள் வருகிறார்கள், புதன்கிழமை திறக்கிறோம் என்றார்.

எங்கே வைக்கப் போகிறீர்கள் சேர் என்று கேட்டேன். தளத்தின் நடுவைக் காட்டினார். அஸ்திவாரம் அப்படியே கிடக்குதானே என்றார். இப்போதுதான் ஒரு நாற்காலி அங்கே திரும்பியது, சேர் அதைப் பார்த்துக்கொண்டுதான் வந்தீர்கள் என்றேன். இந்தக் கல் சின்னது என்றார். சின்னக் கல்லிலும் கால்தட்டு முட்டும் என்றேன். சுவரில் பதிக்கலாமே என்று கேட்டதற்கு, சுவரில் வைத்தால் யார் கண்ணில் படும் என்றார். அவருக்கு அந்தப் பழைய கல்லில் பிழையாகத் தெரிந்தது பெயர்தான், இடமில்லை. நல்ல மனிதரின் பெயரை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனதார நம்புகிறார். எதுவுமே வைக்காமல் திறந்தால் என்ன என்று நான் கேட்டபோதுதான் அவர் உண்மையாகவே குழம்பிப்போனார்.

"பேர் இல்லாம எப்படிம்மா ஒன்னத் தொறக்குறது?"

கதவைத் திறக்கிற மாதிரித் திறங்க சேர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. உங்கள் வீட்டில் சம்மதம் வாங்கியாயிற்று என்று முடித்துவிட்டார்.

நேரே திகனக்கு ஓடினேன். அக்கா பிளேன்ட்டி ஊற்றிக் கொடுத்தார். கேட்டேன். ஓம், சரி என்றுதான் சொன்னாராம். "வீட்டுக்கு வந்த ஆக்கள். தேத்தண்ணிக் கோப்பையக் கையில வெச்சிட்டு அழுறாங்க. மொகத்துக்கு நேரா வாணாம்ண்டு எப்படிச் சொல்ற?" என்றார். என் கோப்பையை நிரப்பிவிட்டு, "எனக்கும் ஆசை ஈந்திச்சு, புள்ள. அவர்ட கபுறடியிலயும் பேர் போடல்ல, தலமாட்டில மீசான் பலகை மட்டும்தான், அவர் அப்படித்தான் சொல்லீந்தார். ஒரு எடத்திலயாவது ஈக்கட்டுமேண்டு நெனச்ச," என்றார்.

நான் வாதாட வரவில்லை, நானா. போனை எடுத்து, மாரியாயி அம்மா சுற்றிய வீடியோவை மட்டும் காட்டினேன். அக்கா உங்கள் நாற்காலியை அடையாளம் கண்டு திரையைத் தொட்டார். மூன்று சுற்றையும் பார்த்தார். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார். கல் வந்தால் இந்த நாற்காலி இப்படித் திரும்புமா? திரும்பாது என்றேன்.

"அப்ப ஏலாண்டு சொல்லுங்க. நான் சொன்னண்டே சொல்லுங்க. புதன்கிழம நானும் வாற."

தலைவருக்கு அழைத்துச் சொன்னேன். அழைப்பிதழ் போய்விட்டது, கல் வெட்டியாயிற்று, பார்ப்போம்மா என்றார். அந்தப் 'பார்ப்போம்' என்ன என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். பழைய கல்லுக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

அன்பாகச் செய்கிறார்கள், விட்டுவிடு என்று இன்று மாலையிலிருந்து எத்தனையோ பேர் இன்பொக்ஸில் சொல்கிறார்கள். அன்பு என்பது எனக்கும் தெரிகிறது. நாவலப்பிட்டி பஸ்ஸில் உங்களை ஏற்றியவர்களும் அன்பாகத்தான் ஏற்றினார்கள். விடமாட்டேன். இருந்தபோது உங்கள் நாற்காலிக்கு இடம் இல்லை, போன பிறகு உங்கள் பெயரை வைத்து மாரியாயி அம்மாவின் நாற்காலியை மறிப்பதா? உங்கள் பெயர் யாருக்கும் முட்டக்கூடாது, நானா. கவனித்தீர்களா, இந்த மடலில் எங்கேயும் உங்கள் பெயரை எழுதவில்லை. ஷேர் செய்கிறவர்களும் எழுத வேண்டாம்.

உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த டியூப் ரப்பர்தான். நாற்காலியோடு அக்கா அதையும் கொடுத்துவிடப் பார்த்தார், நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். புதன்கிழமை அந்த ரப்பரால்தான் என் போனை நாற்காலியின் கைப்பிடியில் கட்டப்போகிறேன். சாய்ந்துதான் போகும். போகட்டும், கண்டி கொஞ்சம் சாய்ந்தே தெரியட்டும்.

இதை வாசிக்கிறவர்களுக்கு: புதன்கிழமை காலை வாருங்கள். சக்கர நாற்காலி உள்ளவர்கள் நாற்காலியோடு, ஊன்றுகோல் உள்ளவர்கள் ஊன்றுகோலோடு வாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வருகிறீர்களா என்று கேட்டுவிட்டு ஆட்டோவில் கூட்டிவாருங்கள். நாடா வெட்டட்டும், பாற்சோறு சாப்பிடலாம், தலைவருக்கு நானே மாலை போடுகிறேன். வர முடியாதவர்கள் உங்கள் ஊரில் ஒரு வாசலை, ஒரு வங்கியை, ஒரு பஸ்ஸை வீடியோ எடுத்துக் கீழே போடுங்கள். தீர்ப்பு ஒரு சொல்லில் போதும். இந்த மடலைத் தலைவர் கண்ணில் படும்வரை பகிருங்கள்.

நாங்கள் எல்லோரும் அந்தத் தளத்தில், கல் வைக்கிற அந்த இடத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு இருப்போம். நடுவில் உங்கள் நாற்காலி, அதில் மாரியாயி அம்மா, சக்கரம் பூட்டியபடி. கல்லோடு வருகிறவர்கள் எங்களைத் தூக்கி நகர்த்த வேண்டுமென்றால் முதலில் கேட்கட்டும். கேட்டதும் எல்லோரும் என்னோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லுங்கள்:

ஏலா.